கிழக்குப் பக்கத்துப் படுதா

ஆடி இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜினி பூ விவசாயிகள் சங்கத்தின் புதுக் கொட்டகை முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினாள். ஸ்டாண்டு போட்டு இறங்கி இரண்டடி வைப்பதற்குள் காற்று வண்டியைச் சாய்த்துவிட்டது. தூக்கி நிறுத்திச் சுவரோரம் சார்த்திவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே திரும்பியவள் அப்படியே நின்றாள்.

கொட்டகையின் கிழக்குப் பக்கம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீலப் படுதா கட்டியிருந்தது.

தோவாளைக்கு வடக்கே மலையடியில் இருந்தது அந்த ஊர். சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் பறிக்கிற பிச்சியும் கேந்தியும் அரளியும் இங்கே வந்து எடை போட்டு, பிறகு வேனில் சந்தைக்குப் போகும். ஓலை வேய்ந்த பழைய கொட்டகை மக்கிப் போனதால், இந்தப் பங்குனியில் இரும்புத் தூண் நட்டுத் தகரம் போட முடிவு செய்தார்கள். மலைக் கணவாயை நோக்கி மேற்கேயிருந்து பாய்கிற ஆடிக்காற்று ஆளையே தள்ளும். தகரம் தாங்குமா என்று சங்கச் செயலாளர் கோலப்பனுக்குப் பயம். இரணியலில் இருந்துகொண்டு திருவனந்தபுரத்து நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிற ஜினியைப் பற்றி யாரோ அவரிடம் சொன்னார்கள். கட்டடத்தைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும், எங்கே மோதும், எங்கே பிய்ந்து சுழலும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் அவள் தொழில்.

அவள் சம்பளம் வாங்காமல் செய்துகொடுத்தாள். கொட்டகையையும் அதைச் சுற்றியிருக்கிற வெளியையும் நாற்பது லட்சம் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்றின் வேகத்தையும் அழுத்தத்தையும் கணக்கிட வைத்தாள். ஜெபம் பண்ணிவிட்டுத்தான் அந்தக் கணக்கைத் தொடங்கினாள். வடக்கிலும் தெற்கிலும் சுவர், மேற்கும் கிழக்கும் திறப்பு. மேற்கே நுழைகிற காற்று கிழக்கே தடையில்லாமல் போய்விடும். கூரைக்கு ஆபத்தில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நீலமும் சிவப்புமாக நாடா நாடாவாகக் காற்று ஓடுகிற படத்தைச் சங்கத்து ஆட்களிடம் காட்டியபோது எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அவளுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது அந்தக் காற்று போக வழியில்லை.

"ஏ மக்கா, வந்தியா!" தராசுப் பக்கமிருந்து கோலப்பன் கையாட்டினார். "உனக்க கம்ப்யூட்டர் காத்துக்கு இது அண்ணனா தம்பியா?"

"அண்ணாச்சி, அந்தப் படுதா எதுக்கு?"

"எது? ஓ, அதா. அது சும்மா."

"சும்மாவா? பக்கத்துல ஏதாவது கெட்டுவியளான்னு பங்குனியிலயே கேட்டேம்லா? ஒண்ணும் இல்லன்னு சொன்னியளே!"

எடை போட்டுக்கொண்டிருந்த வினோஜ் நிமிராமலே சொன்னான். "கொட்டகை பறந்து அரளித் தோட்டத்துல எறங்கினா நல்லதுதான் அக்கா. பூவ பறிச்சு அங்கயே எடை போட்டுக்கிடலாம்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். ஜினி சிரிக்கவில்லை. படுதா கர்ப்பிணியின் வயிறு போல வெளியே புடைத்து நின்றது. தலைக்கு மேலே தகரம் முனகியது. காற்றின் ஒவ்வொரு வீச்சுக்கும் அது விரலளவு எழும்பி மறுபடி அமர்வதை அவள் கண்ணால் பார்த்தாள். உள்ளே அடைபட்ட காற்று கீழேயிருந்து தள்ளுகிறது. கூரை விளிம்பில் பிய்ந்து சுழல்கிற காற்று மேலேயிருந்து இழுக்கிறது. இரண்டும் ஒரே திசையில். கீழே முப்பது பேர் இருந்தார்கள். ஒருத்தி மடியில் கைக்குழந்தை.

அவள் கோலப்பனிடம் ஓடினாள்.

"அவுக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. இப்பவே."

கோலப்பன் அவள் கையைப் பிடித்துச் சற்று ஒதுக்கிக் கூட்டிப்போனார். அவர் கண் படுதாவின் அடியில் உட்கார்ந்திருந்த ஒருத்தியின் மேல் போய் வந்தது. அங்கே காற்றில் பறந்து வந்த கேந்தியும் அரளியும் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. ஐம்பது வயதிருக்கும் அந்தப் பெண் அவற்றை மடியில் அள்ளிப்போட்டு வேகமாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அவ முத்துக்கனி," என்று தணிந்த குரலில் சொன்னார். "காலுக்கு ஏலாது. இந்தப் பூவக் கெட்டி வித்துத்தான் கழியுது. கையில குடுத்தா வாங்கமாட்டா கேட்டியா. ஒருநாள் நான் ஒரு பொதி குடுத்தேன். மூணு நாள் இந்தப் பக்கம் வரல. சிந்தினதப் பொறுக்கினா மட்டும் அவளுக்கு வெக்கமில்ல. அதான் ஆடிக்கு ஆடி படுதா கெட்டுவோம். எடை போடும்போ ஆளாளுக்கு ஒரு பிடி காத்துல விட்டிருவோம். காத்து கொண்டு வந்ததுன்னு அவ நெனச்சுக்கிடுவா."

"இத எங்கிட்டச் சொல்லலியே?"

"நீ கேட்டப்ப அவ பக்கத்துலதானே இருந்தா? அவ முன்னால வச்சு எப்பிடிச் சொல்லுவேன்? பழைய கொட்டகையில எட்டு வருசம் கெட்டினோம். ஒண்ணும் ஆகலியே."

"அது ஓலை! ஓலைக்கு இடையில காத்து போயிரும். இது தகரம் அண்ணாச்சி!"

தன் குரல் அலறலாக வந்ததை ஜினி தானே கேட்டாள். தராசு நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எல்லாரும் வெளிய போங்க! கூரை போயிரும்! வெளிய போங்க!"

குழந்தைக்காரி எழுந்து ஓடினாள். மற்றவர்கள் ஜினியையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வேன் வருகிற நேரம். சாக்கு அவிழ்த்த பூ. ஒரு சின்னப் பெண் கத்தினாள் என்பதற்காக எப்படி எழுந்து போவது? ஜினி படுதாவிடம் ஓடி முதல் கயிற்றைப் பிடித்தாள். நனைந்து இறுகிய முடிச்சு. நகம் முறிந்ததுதான் மிச்சம். கர்த்தாவே, கர்த்தாவே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஒரு கை வந்தது. நார் அறுக்கிற சிறு கத்தி அதில் இருந்தது.

"தள்ளிக்க மக்கா. கயிறு அடிச்சிரும்," என்றாள் முத்துக்கனி.

"முத்துக்கனி, நீ விடு, நாங்க பாத்துக்கிடுவோம்," என்று கோலப்பன் ஓடி வந்தார்.

"எனக்காவக் கெட்டினதுதானே அண்ணாச்சி? அப்ப நானே அறுக்கேன்."

கோலப்பன் நடுவழியில் நின்றுவிட்டார்.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரு சொல்லணும்? ஞாயித்துக்கெழம தராசு கிடையாது. அன்னைக்கு எம்புட்டுக் காத்தடிச்சாலும் ஒத்தப் பூ வராது. காத்துக்குக் கெழமை தெரியுமா?" ஒரு கயிறு அறுந்து சாட்டை போல வீசியது. "நீங்க எல்லாரும் ஒளிச்சு ஒளிச்சு சந்தோசமாட்டுச் செய்யிதீய. அதக் கெடுப்பானேன்னு நானும் தெரியாதது போல இருந்துட்டேன்."

எட்டு வருஷம் தாங்கள்தான் அவளுக்குக் கொடுத்தோம் என்று நினைத்தவர்கள், அவளும் தங்களுக்கு ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்று தெரிந்து திகைத்து நின்றார்கள். வினோஜ்தான் முதலில் அசைந்தான். அரிவாளோடு மறுகோடிக்கு ஓடினான். அதன்பிறகு சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெண்கள் கூடைகளை விட்டுவிட்டு வெளியேறினார்கள்.

நடுக் கயிறு அறுந்ததும் படுதா ஒரே இழுப்பில் பிடுங்கிக்கொண்டு வயலுக்குள் போய் விழுந்தது. குவிந்து கிடந்த பூ முழுவதும் அதன் பின்னால் பறந்தது. முத்துக்கனியின் அன்றைய பிழைப்பு மஞ்சளும் சிவப்புமாக நாற்று மேல் சிதறுவதை எல்லாரும் பார்த்தார்கள். தகரத்தின் முனகல் நின்றது.

அரை நிமிடம் இருக்கும். அப்போது வந்தது அந்த வீச்சு. கூடைகள் உருண்டன. வெளியே நின்றவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். கூரை தடதடத்தது, குலுங்கியது. ஆனால் இருந்த இடத்தில் இருந்தது.

காற்று கொஞ்சம் அடங்கிய பிறகு வினோஜ் ஏணி வைத்து ஏறிப் பார்த்தான். தகரத்தைப் பிடிக்கிற கொக்கி ஆணிகளில் மேற்கு விளிம்பில் மட்டும் ஒன்பது நெளிந்து கழன்றிருந்தன. தகரத்தில் ஆணித் துளைகள் வாய் போலக் கிழிந்திருந்தன. எதற்கும் கேலி பேசுகிறவன் இறங்கி வந்து ஒன்பது விரலைக் காட்டிவிட்டு மண்ணில் உட்கார்ந்துகொண்டான்.

ஜினி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "தப்பு என்னுது. பங்குனியில வந்து பாத்துட்டு ஆடிக்குக் கணக்குப் போட்டேன். ஒருதடவ ஆடியில வந்து பாத்திருக்கணும். ஆணியெல்லாம் மாத்திட்டு நான் சொல்லுக வரைக்கும் யாரும் உள்ள இருக்காண்டாம்."

"பொய் சொன்னது நாந்தானே," என்றார் கோலப்பன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அவள் கணக்கைத் திருப்பிப் போட்டுவிட்டாள். கிழக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மெல்லிய திரை சேர்த்தாள். வேறொன்றையும் மாற்றவில்லை. கூரையின் அடியெல்லாம் சிவப்பாயிற்று. எந்த வேகத்தில் ஆணிகள் மொத்தமாகக் கழலும் என்று பார்த்தாள். பிறகு பக்கத்துக் காற்றாலையின் மானி காலையில் காட்டிய வேகத்தைக் கேட்டு வாங்கி அதன் அருகே எழுதினாள். படுதா அறுந்து அரை நிமிடம் கழித்து வந்த வீச்சு, ஆணிகள் கழலும் வேகத்தைத் தாண்டியிருந்தது.

அவள் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் முழங்கால் போட்டாள். ஜெபிக்க வார்த்தை வரவில்லை. அந்தக் குழந்தையின் முகம்தான் வந்தது.

போன் அடித்தது. கோலப்பன். அவள் இரண்டு எண்களையும் சொன்னாள்.

"மக்கா," என்றார் அவர். "முத்துக்கனி சொல்லுகா, படுதாவுக்குப் பதிலா பழைய மீன்வலை ஒண்ணு முட்டுக்கால் அளவுக்குக் கெட்டினா காத்து போயிரும், தானாப் பறந்து வாற பூ நிக்குமாம். மணக்குடிக் கடக்கரையில அவளுக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காம். செய்யலாமா? இனி ஒளிச்சுச் செய்யாண்டாம், நேராத் தாங்க, நானும் தெனம் தராசுத்தட்டக் கழுவித் தாறேன்னு சொல்லிட்டா."

"பாத்துட்டுச் சொல்லுகேன் அண்ணாச்சி," என்றாள் ஜினி. "முத்துக்கனி அக்கா எந்த இடத்துல இருப்பாவ? சரியா அளந்து சொல்லுங்க. தூணுலயிருந்து எத்தன அடி?"

அவர் சொல்லச் சொல்ல அவள் புதுக் கணக்கைத் திறந்தாள். வலையை வைத்தாள். பிறகு, அதுவரை தூணும் தகரமும் காற்றும் மட்டுமே இருந்த அந்தப் படத்தில், தெற்கேயிருந்து மூன்றாவது தூணுக்கு நாலடி தள்ளி, தரையில் உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளின் உருவத்தை வரைந்தாள்.