சேற்றில் வட்டங்கள்

சித்தூரில் மாம்பழக் கூழ் கம்பெனி ஒன்றில் கிருபாவதி தரம் பார்க்கிற வேலையில் இருந்தாள். டின் ஏதாவது உப்பிப்போய் வந்தால் மற்றவர்கள் அதைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பார்கள். அவள் மட்டும் எந்த நாள் அடைத்தது, எந்த ஷிஃப்ட், மூடி எங்கே நசுங்கியது என்று குடைந்து எடுப்பாள். காரணம் தெரிகிற வரைக்கும் டீ குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டாள்.

பிப்ரவரியில் மாங்காய் கிடையாது. வேலையும் அதிகம் இல்லை. திருப்பதியிலிருந்து ஒரு குழு பறவை பார்க்க இருக்கம் தீவுக்குக் கிளம்பியபோது, அவள் கணவர் சாந்தகுமார் தன் பேரோடு அவள் பேரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

"ஞாயித்துக்கெழம ஆராதனை இருக்குதே?" என்றாள்.

"ஒரு வாரம் போவலன்னா போதகர் ஒண்ணும் சொல்லமாட்டாரு. பூநாரை ஆயிரக்கணக்குல எறங்கிக்கினு கீதாம். வா, பாத்துட்டு வருவோம்."

சனிக்கிழமை மதியம் தடாவுக்குக் கிழக்கே உப்பு ஏரியில் படகேறினார்கள். மொத்தம் எட்டுப் பேர். குழுவுக்குத் தலைமை யாமினி, திருப்பதியில் ஒரு காலேஜில் விலங்கியல் லெக்சரர். அலிபிரியிலிருந்து மலையேறும்போது காட்டுக்குள் ஏதாவது கத்தினால், குரலை வைத்தே இன்ன பறவை என்று சொல்லக்கூடியவள். ஆனால் ஏரியும் தீவும் அவளுக்கும் புதுசு. படகு ஓட்டிய கங்கையாவுக்குத் தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் வரும்.

தீவில் புயல் பாதுகாப்புக் கட்டிடத்தில் பைகளை வைத்துவிட்டுக் கரையோரமாக நடந்தார்கள். காற்று வீசியதில் தண்ணீர் வெகுதூரம் விலகிப்போய், சேறு பளபளவென்று கிடந்தது. அதற்கு அப்பால், வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. சாந்தகுமார் பைனாகுலரைக் கண்ணில் வைத்தவர்தான், எடுக்கவேயில்லை. எல்லாரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்க, கிருபாவதி குனிந்து சேற்றைப் பார்த்தாள்.

சேறு முழுக்க வட்டங்கள். லாரி டயரைப் படுக்கவைத்து அழுத்தி எடுத்தது போல, சுற்றிலும் பள்ளம், நடுவில் ஒரு மேடு. ஒன்று இரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில். பள்ளங்களில் மட்டும் தண்ணீர் தேங்கியிருந்தது.

"இத யாரு பண்ணாங்க?" என்று கேட்டாள்.

"எண்ட்ரகாயம்மா, எண்ட்ரகாய. நண்டு" என்றார் கங்கையா, யோசிக்காமலே.

"நண்டு இவ்ளோ பெருசா நோண்டுமா? நோண்டுனா மண்ணு வெளிய கொட்டியிருக்கணுமே?"

கங்கையா பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். மீன் முட்டையிடுகிற இடமாக இருக்கலாம் என்று யாமினி சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு நம்பிக்கை இல்லை. பக்கத்தில் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும்போது அதிர்ச்சியில் சேறு சுருண்டிருக்கும் என்றார் சாந்தகுமார். எல்லாரும் சிரித்தார்கள். கிருபாவதி சிரிக்கவில்லை. ஒரு வட்டத்தைத் தன் துப்பட்டாவால் அளந்து பார்த்தாள். பக்கத்து வட்டத்தையும் அளந்தாள். கிட்டத்தட்ட ஒரே அளவு.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அவள் எழுந்துவிட்டாள். போன் சார்ஜில் இருந்தது. அப்படியே விட்டுவிட்டுக் கணவரின் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பல் தேய்த்துக்கொண்டிருந்த யாமினியிடம் "இங்கதான், பக்கத்துல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கரையோரத்து வட்டங்கள் காய ஆரம்பித்திருந்தன. புதுசாகப் போட்ட வட்டம் வேண்டும் என்று உள்ளே நடந்தாள். தண்ணீர் கணுக்கால் அளவு வந்த இடத்தில் வட்டங்களின் விளிம்பு கூர்மையாக இருந்தது. குனிந்து பார்க்க இன்னும் நாலு எட்டு வைத்தாள். ஐந்தாவது எட்டில் வலது கால் முழங்காலுக்கு மேலே இறங்கியது. அதை இழுக்க இடது காலை ஊன்றினாள், அதுவும் போயிற்று.

அசைந்தாள். இன்னும் இறங்கியது. செருப்பு எங்கோ அடியில் கழன்றுகொண்டது. கரையைத் திரும்பிப் பார்த்தாள். கட்டிடம் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் கவனித்தாள். பூநாரைகள் நெருங்கிக்கொண்டிருந்தன. நடந்து வந்தபோது விலகிப் போனவை, அவள் அசையாமல் நின்றதும், ஏதோ நட்டுவைத்த கம்பு என்று நினைத்துவிட்டன போல. கத்தினால் மொத்தமும் பறந்துவிடும். வாயை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம், கொஞ்சமே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கத்தலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒரு பறவை இருபதடி தூரத்துக்கு வந்துவிட்டது. அதன் காலின் மடிப்பில் ஒட்டியிருந்த சேறுகூடத் தெரிந்தது. நீண்ட கழுத்தை நேராகக் கீழே இறக்கி, தலையைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் வைத்தது. பிறகு தலையை வைத்த இடத்திலிருந்து எடுக்காமலே, நெல் மிதிக்கிற மாதிரி இரண்டு காலாலும் சேற்றை மிதிக்க ஆரம்பித்தது. மிதித்தபடியே பக்கவாட்டில் நகர்ந்தது. தலை நடுவில், உடம்பு அதைச் சுற்றி. செக்கைச் சுற்றுகிற மாடு போல ஒரு சுற்று, இன்னொரு சுற்று. தண்ணீர் கலங்கிக் கருத்தது. அலகு மட்டும் படபடவென்று தண்ணீரை இழுத்து வெளியே விட்டது.

பறவை அடுத்த இடத்துக்கு நகர்ந்தபோது, கலங்கல் மெல்ல அடங்கியது. அங்கே ஒரு வட்டம் இருந்தது. நடுவில் மேடு.

கிருபாவதிக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. விலகிப்போயிருந்த தண்ணீர் நெளிந்து நெளிந்து வர ஆரம்பித்தது. தொடையைத் தொட்டது, கொஞ்ச நேரத்தில் இடுப்பு நனைந்தது. இனி பொறுக்க முடியாது.

"யாராவது வாங்களேன்!" என்று அலறினாள். ஆயிரம் சிறகு ஒரேயடியாக விரிந்தது. கறுப்பும் சிவப்புமாக வானம் புரண்டது. அதைக்கூட அவளால் ரசிக்க முடியவில்லை.

"கத்தாதக்கா, வர்றேன்" என்று ஒரு குரல் தண்ணீர் மட்டத்திலிருந்து வந்தது.

வந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பனையோலையில் பின்னிய கூடையின் வாரைப் பல்லில் கடித்துக்கொண்டு, தவழ்ந்தபடி வந்தாள். கையாலே இறால் தடவிப் பிடிக்கிறவள். கூடையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "நிக்காத. படு" என்றாள்.

"படுக்கறதா?"

"நின்னா முழுங்கும், படுத்தா விட்டுடும். என் கைய புடிச்சிக்கினு குப்புற சாஞ்சிடு. அவசரப்படாத."

கிருபாவதி பைனாகுலரை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுச் சாய்ந்தாள். முகத்தில் சேறு, மூக்கில் சேறு. ஒரு கால் பொதக்கென்று வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. இரண்டு பேரும் உடும்பு மாதிரி ஊர்ந்து கெட்டித் தரைக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

"பேரு இன்னா?" என்று கிருபாவதி மூச்சு வாங்கக் கேட்டாள்.

"அம்சவேணி. நீ எதுக்கு அவ்ளோ தூரம் போன?"

"அந்த வட்டத்த யாரு போடறாங்கன்னு பாக்க."

"அதுவா? தண்ணி சுழிச்சி சுழிச்சி போடறது."

"இல்ல. பூநாரை."

அம்சவேணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுங்க ஆளக் கிட்டயே சேக்காது. நான் போனா ஒரு பர்லாங்கு ஓடும்."

கிருபாவதி எழுந்து நின்று செய்தே காட்டினாள். தலையைக் குனிந்து, அதை அசைக்காமல், சேறு சொட்டச் சொட்ட மிதித்தபடி சுற்றினாள். அம்சவேணி முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கவனித்தாள்.

"அந்தப் பள்ளத்துலதான் எறால் வந்து ஒதுங்கும்" என்றாள் மெதுவாக. "நான் ஒவ்வொரு பள்ளமாத்தான் தடவிக்கினு போவேன். எங்கம்மாவும் அப்பிடித்தான். இது அதுங்க நோண்டுனதா?"

இது கிருபாவதிக்குத் தெரியாத விஷயம். "எறால் ஏன் அதுல ஒதுங்குது?" என்று உடனே கேட்டாள்.

"தண்ணி வத்தும்போது அங்கதானே கொஞ்சம் நிக்கும்."

கட்டிடத்திலிருந்து சாந்தகுமார் ஓடி வந்தார்; பின்னாலேயே யாமினியும் மற்றவர்களும். தலை முதல் கால் வரை சேறாக இருந்த மனைவியைப் பார்த்ததும் சத்தம் போட்டார். "உனக்கு புத்தி கீதா? போன கூட எடுக்காம... நான் இன்னான்னு நெனைக்கிறது?"

"தப்புதான். அவ்ளோ தூரம் போயிருக்கக் கூடாது" என்றாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பூநாரை மிதித்து வட்டம் போட்டதைச் சொன்னாள். யாமினி நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். பள்ளத்தில் இறால் ஒதுங்குகிற விஷயத்தை அம்சவேணியே சொல்லட்டும் என்று கிருபாவதி விட்டுவிட்டாள். அவள் சொல்லச் சொல்ல யாமினி நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதினாள்; இரண்டு பேர் பேரையும் மேலே குறித்துக்கொண்டாள்.

பறந்துபோன பூநாரைகள் தூரத்தில் மறுபடி இறங்கியிருந்தன. கிருபாவதி பைனாகுலரைத் துடைத்து அம்சவேணியின் கையில் கொடுத்தாள். அவள் முதலில் தலைகீழாகப் பிடித்தாள், கிருபாவதி அதைச் சரியாகத் திருப்பிப் பிடிக்க வைத்ததும் "யப்பா!" என்று ஒரு அடி பின்னால் போனாள். அப்புறம் அசையவே இல்லை. படகுத்துறையிலிருந்து கங்கையா கிளம்பலாம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"மிதிக்குதுக்கா. நெசமாவே மிதிக்குது" என்றாள் அம்சவேணி, கண்ணை எடுக்காமல். "ஆனா ஒண்ணு இடதுபக்கமா சுத்துது. இன்னொண்ணு வலதுபக்கமா. அது ஏன்?"

யாமினி அந்தக் கேள்வியையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"கங்கையா, இன்னும் அரை மணி நேரம்!" என்று கத்திவிட்டு, கிருபாவதி அம்சவேணி பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். "எந்தப் பக்கம் எத்தினி சுத்துதுன்னு நீ சொல்லு. நான் எண்ணிக்கிறேன்."