கோட்டைத் தாண்டி நான்கு விரல்

எனக்குப் பொறுமை கிடையாது. கடைக்கு வருகிறவர்கள் இருபது துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் வேண்டாம் என்று போனாலும் சிரித்துக்கொண்டே மடித்து வைப்பேன். அது தொழில். பெற்ற பிள்ளைக்கு ஒரு பென்சிலை அளக்கத் தெரியவில்லை என்றால் மட்டும் தலைக்கேறிவிடுகிறது.

என் மகள் ஆஸ்மா இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். நீளம் அளக்கும் பாடத்தில் பத்துக்குப் பத்தும் தப்பு என்று அவளுடைய மிஸ் செய்தி அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமை மறுபடி சோதிப்பாராம். அதிலும் தவறினால் செவ்வாய்தோறும் பள்ளி முடிந்ததும் தனி வகுப்பு. செவ்வாய்தான் ஆஸ்மாவுக்கு நீச்சல். போன மாதம்தான் தண்ணீரில் மிதக்கக் கற்றிருந்தாள். அந்தக் கதையைக் கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் சொல்லி முடித்திருந்தாள்.

பள்ளி விட்டதும் அவளைக் கூட்டிக்கொண்டு புக்கிட் பாஞ்சாங்கில் ரயிலேறி, லிட்டில் இந்தியாவில் இருக்கும் எங்கள் துணிக்கடைக்கு வந்துவிடுவேன். புதன்கிழமையும் அப்படித்தான். மேசைக்குப் பின்னால் அவளை உட்கார வைத்து ரூலரைக் கொடுத்தேன்.

"பூஜ்ஜியத்துல வை. பென்சில் எங்க முடியுது?"

சரியாகத்தான் வைத்தாள். முனை பன்னிரண்டில் நின்றது. பிறகு தன் விரலை முனைக்குப் பக்கத்தில் ஒரு நொடி வைத்து எடுத்தாள். பதிமூன்று என்று எழுதினாள்.

"கண்ணு எங்க இருக்கு? பன்னெண்டு தெரியல?"

"தெரியுது, உம்மா."

"தெரிஞ்சா ஏன்டி பதிமூணு எழுதுற?"

அழித்தாள். அடுத்து அளந்த அழிரப்பர் நான்கு. ஐந்து என்று எழுதினாள். மறுபடி அழிக்கச் சொன்னேன். தாள் கிழிந்தது. அந்த நேரம் பார்த்துச் செல்லக்கண்ணு அக்கா உள்ளே வந்தார். பத்து வருட வாடிக்கை.

"இதுக்கு மூளைங்கிறதே இல்லக்கா. எனக்குன்னு வந்து வாய்ச்சிருக்கு" என்றேன், பிள்ளை காதுபடவே. ஆஸ்மா தலையை நிமிர்த்தவில்லை.

அக்காவுக்குச் சுடிதார் துணி இரண்டரை மீட்டர் வேண்டும். மேசையில் பதித்திருந்த அளவுப் பட்டையில் துணியை இழுத்து அளந்தேன். கோட்டைத் தாண்டி நான்கு விரல் விட்டு, கத்திரிக்கோலை வைத்தேன். எங்கள் கடையில் என்றைக்கும் அப்படித்தான். கோட்டிலேயே வெட்டினால் வாங்குகிறவர் முகம் சுருங்கிவிடும்.

"உம்மா, ரெண்டரை அங்கேயே முடிஞ்சிருச்சு" என்றாள் ஆஸ்மா.

"தெரியும். சும்மா இரு."

"நானும் அப்படித்தான் கூட விடுறேன். என் விரல் சின்னது லா. ஒரு விரல் ஒன் சென்டிமீட்டர்தான் வருது."

கத்திரிக்கோல் பாதித் துணியில் நின்றது. டிசம்பர் விடுமுறையில் இதே மேசையில் அவளுக்கு நான்தான் சொன்னேன்: அளந்தபடியே கொடுக்கிறது கஞ்சத்தனம், கொஞ்சம் கூட வைக்கிறதுதான் மரியாதை. மிஸ்ஸுக்கு மரியாதை செய்திருக்கிறாள் பிள்ளை.

செல்லக்கண்ணு அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. துணியை ஓரம் தள்ளிவிட்டு ஆஸ்மாவின் விரலைப் பிடித்துக் கோட்டின் மேல் வைத்தேன்.

"அளவு இதோட முடிஞ்சுது. இங்க இருக்கிற நம்பர மட்டும் எழுது. இதுக்கு மேல விடுறது நாம குடுக்கிறது. அத எழுதக் கூடாது."

"மிஸ் கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க புள்ள."

திங்கட்கிழமை பள்ளி வாசலிலேயே சோதனைத் தாளை நீட்டினாள். பத்துக்குப் பத்து. நாளைக்கு நீச்சல் உண்டு. ரயிலில் உட்கார்ந்து அந்தத் தாளை நான்கு முறை பார்த்தேன். இருந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"விரல் வச்சுக் கூட்டுறேன்னு அன்னைக்கு முதல்லயே சொல்லியிருக்கலாம்ல? அவ்வளவு நேரம் என்னைக் கத்த விட்டியே."

ஆஸ்மா தாளை வாங்கிப் பைக்குள் வைத்தாள். எந்தக் கோபமும் இல்லாமல்தான் சொன்னாள்.

"நீங்க ஏன் எழுதுறன்னு கேட்டுட்டு, நான் சொல்றதுக்குள்ள ஸ்கோல்ட் பண்ணிடுவீங்க. அக்காகிட்ட எனக்கு மூளை இல்லைன்னு சொன்னீங்களே, மூளை இல்லாததாலதான் எல்லாம் தப்பாகுது போலன்னு நினைச்சேன்."

அடுத்து எந்த நிலையம் வந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அந்தச் சின்ன விரல் ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட இருக்காது.