ஏழாவது நெருப்பு உருண்டை

எங்கள் கம்பெனியின் ‘கோட்டை ஓட்டம்’ வீடியோ கேமில் இதுவரை ஐந்து பாகம் வந்துவிட்டது. ராஜா மாறினார், கோட்டை மாறியது, நெருப்புக் கம்பி மட்டும் மாறவே இல்லை. ஒரு கல்லில் மாட்டிய ஆறு நெருப்பு உருண்டைகள், வரிசையாக, கடிகார முள் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். நேரம் பார்த்துத் தாண்ட வேண்டும். பட்டால் செத்தோம், மறுபடி முதலிலிருந்து. வெளிவரப்போகும் ஆறாம் பாகத்தை விளையாடிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது என் வேலை. சம்பளமே அதற்குத்தான்.

அம்மா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். இருபத்தாறு வருஷமாக ஒரு பெட்டியின் மேல் இன்னொரு பெட்டியை விரலளவும் பிசகாமல் இறக்கி வைப்பவள். போன மாதம் லீவில் இருந்தபோது பொழுது போகாமல் ஐந்தாம் பாகத்தை விளையாட உட்கார்ந்தாள். நெருப்புக் கம்பியிடம் செத்துக்கொண்டே இருந்தாள்.

“படலடி. ரெண்டு விரல் தள்ளித்தான் நின்னேன்” என்றாள்.

நான் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “பட்டதாலதாம்மா செத்துச்சு. வயசாகுதுல்ல? கண்ணைக் காட்டு.”

காட்டினாள். கண் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். அம்மா நம்பவில்லை. “எழுத்துப் பலகை அசையாம தொங்குது. அதைப் படிக்கிறது ஒரு பெரிய வேலையா?” என்றாள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, இனிமேல் தன்னைக் கிரேனில் ஏற்ற வேண்டாம் என்று மேனேஜருக்குக் கடிதம் எழுதிவிட்டாள். “கீழ ஆளுங்க நிக்கிறாங்க. தூரம் தப்பாத் தெரியற கண்ணை வச்சுக்கிட்டு மேல ஏற மாட்டேன்.”

மறுநாள் திங்கட்கிழமை, ஆபீசில் ஆறாம் பாகத்தின் நெருப்புக் கம்பியைச் சோதிக்கும் வேலை எனக்கு வந்தது. எங்கெல்லாம் தொட்டால் சாவு என்பதைச் சிவப்புக் கட்டமாகக் காட்டும் வசதி எங்களுக்கு உண்டு. அதைப் போட்டேன். உருண்டை ஆறு. கட்டம் ஏழு. கடைசிக் கட்டத்தில் நெருப்பே இல்லை, வெறும் காற்று. சந்தேகப்பட்டுப் பழைய பாகங்களையும் திறந்து பார்த்தேன். ஐந்திலும் ஏழு.

உச்சந்தலை வரை பற்றி எரிந்தது. புகார் எழுதி அனுப்பிவிட்டு, முதல் பாகத்திலிருந்து இருக்கும் தலைமை புரோகிராமரிடம் போய் நின்றேன்.

“ஓ, அதுவா?” என்று காபியை உறிஞ்சினார். “முதல்ல ஏழு போட்டோம். செவுத்துல இடிக்கிற மாதிரி தெரிஞ்சுது, கடைசி உருண்டையோட படத்தை அழிச்சோம். அந்த இடத்துல விழற அடியை எடுக்க மறந்துட்டோம்.”

“அஞ்சு பாகமாவா சார்?”

“இப்ப எடுத்தா ஆட்டம் ஈஸியாயிடுச்சுன்னு திட்டுவாங்க. செத்தவன் தன் கைதான் சரியில்லைன்னு நினைச்சுக்கறான். நமக்கென்ன நஷ்டம்?”

என் புகாரில் ‘அப்படித்தான் இருக்கும்’ என்று எழுதி மூடினார். அந்தக் காபியை அப்படியே அவர் கீபோர்டில் கொட்டலாம் போலிருந்தது. அதே புகாரை மறுபடி எழுதி அனுப்பிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குக் கிளம்பினேன்.

திருப்பிக் கொடுப்பதற்காக அம்மா தன் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கடிதத்தைக் காலையிலேயே கொடுத்துவிட்டாளாம். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். டிவியில் ஆட்டத்தைப் போட்டாள். கடைசி உருண்டைக்கு அப்புறம் திரையில் இரண்டு விரலை வைத்து அளந்தாள். அந்த இடத்தையும் நெருப்பு என்றே நினைத்து விளையாடினாள். முதல் தடவையே தாண்டிவிட்டாள்.

“அந்த ஆளை என்ன பண்றேன் பாரும்மா” என்று ஆரம்பித்தேன்.

“அவரை விடு. அவர் என்னைப் பார்த்ததே இல்ல. நீ பக்கத்துல உக்காந்திருந்தே. குறை கண்டுபிடிக்கத்தானே உனக்குச் சம்பளம்? படலன்னு நான் சொன்னப்போ எழுந்து வந்து ஒரு தடவை பார்த்தியா?”

அம்மா சூடு ஆறாத யூனிஃபார்மை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“கடுதாசியைத் திருப்பி வாங்கப் போறேன்.”

“மேனேஜர்கிட்ட என்ன சொல்லுவே?”

“என் கண்ணு சரியாத்தான் இருக்கு, என் பொண்ணு வாய்தான் சரியில்லைன்னு சொல்லுவேன்” என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.