காருக்கு அடியில்

வயதாகிப்போன சொகுசு காரைக் கம்பெனி சர்வீஸ் சென்டர் கைகழுவிவிட்டதால், டாக்டரம்மா அதைத் தெருமுனை மெக்கானிக்கிடம்தான் கொண்டுவருவார். அன்று காரைத் தாங்கும் காற்றுப்பை ஒன்று கசிந்தது. ஓட்டையைத் தேட மெக்கானிக் முட்டுக்கு ஸ்டாண்டு எதுவும் வைக்காமல் அடியில் நுழைந்தார்.

“இதோ வந்துடறேன் டாக்டரம்மா.”

உஸ்ஸென்ற சத்தம் திடீரென்று பெரிதானது. கார் மெல்லத் தாழத் தொடங்கியது.

“வெளிய வாங்க!” என்று டாக்டரம்மா அலறினார்.

“சட்டை மாட்டிக்கிச்சு!” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

டாக்டரம்மா பக்கத்தில் கிடந்த ஸ்டெப்னி டயரை இழுத்து, கார்க் கதவுக்கு அடியில் காலால் உதைத்துச் செருகினார். கார் நறநறவென்று அதன்மேல் உட்கார்ந்து நின்றது.

சட்டையைக் கிழித்துக்கொண்டு மெக்கானிக் ஊர்ந்து வெளியே வந்தார். டாக்டரம்மா தரையிலேயே உட்கார்ந்து அவருடைய விலாவை அழுத்திப் பார்த்தார்.

“வலிக்குதா?”

“இல்லம்மா. உசுருதான் தொண்டைல நிக்குது.”

“எனக்கும்தான்.”

கிழிந்த சட்டையை உதறிக்கொண்டு, “ஓட்டையப் பாத்துட்டேன்” என்று மெக்கானிக் மறுபடி குனிந்தார். டாக்டரம்மா அவர் தோளைப் பிடித்து இழுத்தார்.

“உங்க வீட்டுக்காரிக்கு யாரு பதில் சொல்றது? மொதல்ல ஸ்டாண்டு வைங்க!”

ஜாக்கியால் தூக்கி, நான்கு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு வைத்தார்கள். காரைத் தன் கையாலேயே ஆட்டிப் பார்த்த பிறகுதான் டாக்டரம்மா அவரை உள்ளே விட்டார்.