வருகைப் பக்கத்தில் ஒரு வரி

அந்தச் சிறிய விமான நிலையத்தில் வானிலைச் செய்திகளை வாங்கி மேலே கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்வதும், வந்துபோகும் விமானங்களைப் பதிவேட்டில் எழுதுவதும் அவள் வேலை. பிற்பகல் மூன்று பத்துக்கு, பெரிய நகரத்தில் புயல் என்று திருப்பிவிடப்பட்ட விமானம் ஒன்று இங்கே இறங்கியது. பதிவேட்டைத் திறந்து பேனாவை எடுத்ததும் கைபேசி அடித்தது. அண்ணன்.

"ஏய் வாலு, உங்க ஊருக்கு வந்துட்டேன்டி!"

"நீ எங்க வந்த? காத்து தள்ளிட்டு வந்துச்சுன்னு சொல்லு."

பேசிக்கொண்டே குறித்து முடித்தாள்.

அம்மா போன பிறகு அவளுக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். நான்கு வருடமாக "அடுத்த மாசம் வரேன்" என்கிறான். அவள் வீட்டு இரண்டாவது நாற்காலியில் துவைத்த துணிதான் உட்கார்ந்திருக்கிறது.

ஐந்து பத்துக்குள் அங்கே வானம் தெளியாவிட்டால்தான் பயணிகளை இறக்குவார்கள். அதுவரை கதவு திறக்காது. அவள் ஜன்னலோரம் போய்ப் பச்சை அட்டைக் கோப்பு ஒன்றை ஆட்டினாள்.

"தெரியுதா?"

"கண்ணாடி பூரா தண்ணி. பச்சையா ஏதோ ஆடுது. நீயா, மரமா?"

"மரம்தான். நாலு வருஷமா ஒரே எடத்துல நிக்குது."

அவன் சிரித்தான். பிறகு, "எறக்கி விட்டாங்கன்னா ஒரு பத்து நிமிஷம் பாக்கலாம்ல?" என்றான்.

புயல் இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் கூசிப்போனாள். அங்கே எத்தனை கூரை பறந்ததோ.

நான்கு ஐம்பத்தெட்டுக்கு மேசைத் தொலைபேசி ஒலித்தது. அங்கே வானம் தெளிந்துவிட்டதாம். அறையில் வேறு யாரும் இல்லை. பன்னிரண்டு நிமிடம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நேரத்தை எழுதினாள். எழுதியதைச் சரிபார்த்தாள். பேனாவுக்கு மூடி போட்டாள். அதற்கு மேல் செய்ய எதுவும் மிச்சமில்லை. மேலே கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

விமானம் நகர்ந்தபோது அவன் அழைக்கவில்லை. கைபேசியை அணைக்கச் சொல்லியிருப்பார்கள்.

ஆறு மணிக்கு மேற்பார்வையாளர் பதிவேட்டைப் புரட்டினார்.

"என்னம்மா, இத வருகைப் பக்கத்துல எழுதி வச்சிருக்க? ஆள் எறங்காம போனது கடைசிப் பக்கத்துலதான வரும்? யாரு வந்தா இங்க?"

"யாரும் வரல சார்."

அளவுகோலை வைத்து, அந்த வரியைக் கோணாமல் அடித்தாள்.