வைட் ரிசீவருக்குப் பதினேழு மார்க்

ஒரு மனிதன் வாழ்க்கையில் வெல்வானா, தோற்பானா என்பது பன்னிரண்டே நிமிடங்களில் தெரிந்துவிடும் என்ற மாபெரும் உண்மை, 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பெருங்களத்தூரில் வெளிப்பட்டது. வெளிப்படுத்தியவர் ராஜகோபாலன், மனிதவள மேலாளர். வெளிப்பட்ட இடம், ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு டயர் கடையின் மேல்மாடி. மைக் வேலை செய்யவில்லை. பின்வரிசையில் இருந்தவர்கள் தீபாவளி லீவு பற்றித்தான் ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

அந்த மாடியில் அறுபது பேர் உட்கார்ந்து அமெரிக்காவின் தாள்களைப் பார்த்து டைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர் சீட்டு, கார் இன்சூரன்ஸ், நாய்க்குப் போட்ட தடுப்பூசி, எது வந்தாலும் அடிப்பார்கள். அந்த மாதம் வந்தது புட்பால். நம்மூர் மைதானத்தில் ஆடுவது அல்ல. ஹெல்மெட் மாட்டி, தோளில் திண்டு வைத்துக் கட்டி, பனங்காய் மாதிரி ஒரு பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுவது. இதில் பையன்களைச் சேர்த்துக்கொள்வதற்கு முன் அங்கே ஓர் அறிவுத் தேர்வு வைக்கிறார்கள். ஐம்பது கேள்வி, பன்னிரண்டு நிமிடம். அதில் வாங்கும் மார்க்குக்கும் பிற்பாடு அவன் ஆடும் ஆட்டத்துக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கிறதா என்று ஒஹையோவில் டெப்ரா என்ற ஆராய்ச்சியாளருக்கு ஒரு சந்தேகம். பத்திரிகைகளில் வெளிவந்த மார்க்குகளையும் ஆட்டக் கணக்குகளையும் இரண்டாயிரம் தாளாகச் சேர்த்து, ஸ்கேன் செய்து, பெருங்களத்தூருக்கு அனுப்பிவிட்டார்.

டைப் அடிக்கிறவர்கள் தாளில் இருப்பதைப் படிக்கக் கூடாது. சூப்பர்வைசர் ஏகநாதன் சேருகிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்வது இது. "கண்ணு பாக்கணும், கை அடிக்கணும். நடுவுல மூளை வந்துச்சுன்னா ஸ்பீடு போயிடும்." ராஜகோபாலன் டைப் அடிப்பவர் இல்லை. ஆகவே படித்தார். முதல் பக்கத்தை மட்டும். அங்கே டெப்ராவின் சந்தேகம் இருந்தது. இவ்வளவு பெரிய தேசம் ஒரு விஷயத்தைச் சந்தேகப்படவே இரண்டாயிரம் தாள் செலவழிக்கிறது என்றால், அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்.

மறுநாள் தண்ணீர் பில்டருக்குப் பக்கத்தில், ஊழியர்களை அந்த ஆட்டத்தின் இடங்களில் பொருத்திய ஒரு சார்ட் தொங்கியது. டேட்டா என்ட்ரி ஆபரேட்டர் என்பவர் வைட் ரிசீவர், ஏனென்றால் எறிவதைப் பிடிப்பவர். பாஸ் மார்க் பதினேழு. சூப்பர்வைசர், எறிகிறவர் என்பதால், குவார்ட்டர்பேக். பாஸ் மார்க் இருபத்துநான்கு. செக்யூரிட்டி முனிரத்தினம், உள்ளே நுழைகிறவனை மறிப்பதால், லைன்பேக்கர். மனிதவள மேலாளர் கோச். கோச்சுக்குத் தேர்வு கிடையாது. அடியில் சிவப்பு மையில் ஒரு வரி: புரொபேஷனில் இருப்பவர்கள் பாஸ் மார்க் எடுக்காவிட்டால் வேலை நிரந்தரம் செய்யப்பட மாட்டாது.

"நான் இன்னாத்துக்கு சார் பரீச்ச எழுதணும்?" என்றார் முனிரத்தினம். "முடிச்சூர்ல ரெண்டு வூடு வாடகைக்கு வுட்டுகீறேன். வூட்ல சும்மா குந்திகினு இருந்தா சண்ட வருதுன்னுதான் இங்க வந்து குந்திகினு இருக்கேன்."

"அமெரிக்காவில செக்யூரிட்டிகூட எழுதறான், முனிரத்தினம்" என்றார் ராஜகோபாலன்.

"அங்க யாரு சார் வாசப்படியில நிப்பாங்க, எல்லாரும் உள்ள பரீச்ச எழுதினா?"

தேர்வு நடந்தது. அமெரிக்கக் கேள்விகளை ராஜகோபாலனே நம்மூருக்கு ஏற்ப மாற்றியிருந்தார். மூன்று கொய்யாப்பழம் பத்து ரூபாய் என்றால் பன்னிரண்டு கொய்யாப்பழம் எவ்வளவு? புரொபேஷனில் இருந்த ஆபரேட்டர் ஜஹீரா முப்பத்தைந்து என்று எழுதினாள். தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் ஆறு கிலோமீட்டர், மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ரயில் எத்தனை நிமிடத்தில் போகும்? ஜஹீரா தினமும் அந்த ரயிலில் பெருங்களத்தூர் வருகிறவள். ஆறு நிமிடம் என்று எழுத அவள் மனம் ஒப்பவில்லை. பெருங்களத்தூரில் நிற்கிற நேரம், சிக்னலில் நிற்கிற நேரம் எல்லாம் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெல் அடித்துவிட்டது.

பதினொரு மார்க்.

ராஜகோபாலன் அவளைக் கேபினுக்குக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். கெட்ட செய்திகளை உட்கார வைத்துச் சொல்ல வேண்டும் என்று எங்கோ படித்திருந்தார்.

"பர்சனலா எடுத்துக்காதம்மா. இது சயின்ஸ்."

"சார், டஜனா வாங்கினா அஞ்சு ரூபா குறைப்பாங்க சார். எங்க கடையிலயும் குறைப்போம்."

"அது மார்க்கெட். இது மேத்ஸ்."

"ஆறு மாசமா நான் தப்பே விட்டதில்லயே சார். ஏகநாதன் சாரக் கேட்டுப் பாருங்க."

"இதுவரைக்கும் என்ன பண்ணினேங்கிறது முக்கியமில்ல. இனிமே என்ன பண்ணுவேங்கிறதுதான் முக்கியம். அதுக்குத்தான் டெஸ்ட்." சுழல் நாற்காலியில் அரைவட்டம் திரும்பி, ஜன்னல் வழியே எதிர்காலத்தைப் பார்த்தார். எதிரே பஸ் ஸ்டாப் தெரிந்தது. "முப்பத்தொண்ணாம் தேதி லெட்டர் வரும்."

வேலை நிரந்தரமில்லை என்கிற லெட்டர் அது என்று அவளுக்குப் புரிந்தது.

ஜஹீராவின் அத்தா சௌகத் அலிக்கு மேற்குத் தாம்பரத்தில் பாத்ரூம் சாமான் கடை. மகளை வேலைக்கு அனுப்பும்போதே சொல்லியிருந்தார். "ஆறு மாசம் டைம். வேலை பர்மனென்ட் ஆச்சுன்னா போய்க்கோ, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். இல்லன்னா கடைக்கு வந்துடு. முதாசிர் ஒருத்தனா கஷ்டப்படறான்." முதாசிர் அவளுடைய அண்ணன். அவன் பட்ட கஷ்டம் என்னவென்று அவளுக்குத் தெரியும். படப்பையில் புதுவீடு கட்டுகிறவர்கள் குடும்பத்தோடு கடைக்கு வருவார்கள். பெரியவர் ஒருவர், வேட்டியைச் சரிசெய்துகொண்டு, காட்சிக்கு வைத்திருக்கும் வெஸ்டர்ன் டாய்லெட்டின் மேல் மெல்ல உட்காருவார். முழங்கைகளை முழங்காலில் ஊன்றுவார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசிப்பார். பிறகு கண் திறந்து, எதிரில் நிற்கிறவரைப் பார்த்து, "உயரம் சரியா இருக்கா?" என்று கேட்பார். சரியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதுதான் வேலை. ஒரு ரம்ஜான் லீவில் நான்கு நாள் அந்த வேலையைப் பார்த்திருக்கிறாள். போதும் என்று நினைத்தாள்.

அந்த அலுவலகத்தில் ஒரே தாளை இரண்டு பேர், ஒருவர் அடித்ததை மற்றவர் பார்க்காமல், தனித்தனியாக அடிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் சரி. வேறாக இருந்தால் கம்ப்யூட்டர் சிவப்பாகக் காட்டும். ஏகநாதன் மூலத் தாளைப் பார்த்து யார் சரி என்று முடிவு செய்வார். புட்பால் தாள்களுக்குப் பதினான்காம் நம்பர் ஆபரேட்டர் ஜஹீராவும் ஹில்டாவும் ஜோடி. ஹில்டா தேர்வில் முப்பத்தாறு வாங்கியவள். சார்ட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் ராஜகோபாலன் நட்சத்திரம் ஒட்டியிருந்தார்.

பதினொரு மார்க் வாங்கிய மறுநாள் ஜஹீரா வேலையில் முதல்முறையாக ஒரு தப்பு செய்தாள். தாளைப் படித்துவிட்டாள்.

"ஹில்டா, இங்க பாரேன். மார்க் முப்பத்தெட்டு. ஆடின மேட்ச் சைபர்."

"அடிச்சிட்டுப் போ. எனக்கு அந்தத் தாளு இன்னும் வரல."

"இவன் மார்க் பதிமூணு. நூத்தி எழுபது மேட்ச்."

"நூத்தி எழுபதா? டெஸ்ட் பேப்பர் திருத்தறதுக்குள்ள ஆடக் கெளம்பிப் போயிருப்பான்."

"நெறைய மார்க் வாங்கி நல்லா ஆடறவனும் இருக்கான். ஆனா இப்பிடியும் இருக்கு, அப்பிடியும் இருக்கு. சீட்டு குலுக்கிப் போட்ட மாதிரி இருக்கு."

ஹில்டா திரையிலிருந்து கண் எடுத்தாள். "இத நீ ராஜகோபாலன் சார்கிட்ட சொல்லேன்."

"பதினொரு மார்க் எடுத்தவ சொன்னா?"

"அப்ப நான் சொல்றேன். எனக்குத்தான் ஸ்டார் குடுத்திருக்காரே."

ஹில்டா போய்ச் சொன்னாள். ராஜகோபாலன் கேட்டுக்கொண்டு, "டேட்டாவைப் பாக்கத் தெரியணும்மா. வெறும் கண்ணால பாத்தா அப்படித்தான் தெரியும்" என்றார். ஹில்டா திரும்பி வந்து உட்கார்ந்து அடுத்த தாளில் மூன்று தப்பு விட்டாள். எல்லாவற்றையும் ஏகநாதன் திருத்தினார்.

முப்பதாம் தேதி வந்தது. டெப்ராவின் ஆராய்ச்சி முடிந்துவிட்டதாகவும், நன்றி சொல்ல அவரே போனில் பேசப்போவதாகவும் செய்தி வந்தது. ராஜகோபாலன் அதை விழாவாக்கினார். மாலை ஆறரை மணி, அங்கே காலை ஒன்பது. அறுபது சமோசா. ஹெல்மெட்டுக்குள் பல்பு எரிகிற மாதிரி ஒரு பேனர். ஸ்பீக்கர் போனை நடு மேஜையில் வைத்து, "மேடம் பேசறது உங்களுக்கு வேகமா இருக்கும். நான் தமிழ்ல சொல்லிடறேன்" என்றார். அங்கே இருந்தவர்கள் ஆறு மாதமாக அமெரிக்க டாக்டர்களின் கையெழுத்தையே படித்தவர்கள். பேச்சு ஒரு பொருட்டல்ல. ஆனாலும் சமோசா இருந்ததால் சும்மா இருந்தார்கள். ஜஹீரா மட்டும் சாப்பிடவில்லை. நாளைக்கு லெட்டர்.

ராஜகோபாலன் போனைப் பார்த்துக் குனிந்து, அந்தத் தேர்வு எப்படி வெற்றியாளர்களை முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது என்பதை எங்கள் ஊழியர்களுக்கு நீங்களே சொல்ல வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்டுக்கொண்டார்.

டெப்ரா சிரித்தார். அப்படி எதுவும் காட்டவில்லை என்றார். பெரும்பாலான இடங்களில் ஆடுகிறவர்களுக்கு மார்க்குக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஓரிரு இடங்களில் குறைந்த மார்க் வாங்கியவர்கள் ஒரு துளி மேலாகவே ஆடியிருக்கிறார்கள்.

மாடியில் சமோசா மெல்லும் சத்தம் நின்றது.

"இன்னா சார் சொல்லுது அந்தம்மா?" என்றார் வாசலில் நின்ற முனிரத்தினம்.

ராஜகோபாலன் மொழிபெயர்ப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். "அதாவது... இது ரொம்ப காம்ப்ளெக்ஸான விஷயம்னு சொல்றாங்க."

"மார்க்குக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் இல்லையாம்ண்ணா" என்றாள் ஹில்டா.

"அத்தத்தான நானும் அன்னிக்கே சொன்னேன்" என்றார் முனிரத்தினம். அவர் அப்படிச் சொல்லவில்லை. யாரும் மறுக்கவும் இல்லை.

டெப்ராவின் குரல் தொடர்ந்தது. இரண்டு பேரும் அடித்தது மாறுபட்ட இடங்களின் பட்டியலை அவர் கேட்டு வாங்கியிருந்தாராம். முன்னூற்றுப் பன்னிரண்டு இடம். அவற்றில் முன்னூற்றொன்பது இடங்களில் பதினான்காம் நம்பர் ஆபரேட்டர் அடித்ததுதான் சரி. இப்படி ஒருவரைத் தான் பார்த்ததே இல்லை. அடுத்து ஐயாயிரம் தாள் வருகிறது. அந்தப் பதினான்காம் நம்பர் அப்போதும் இருப்பார் அல்லவா?

ஏகநாதன் ராஜகோபாலனைப் பார்த்தார். ஹில்டா ஜஹீராவின் முதுகில் கை வைத்து ஓரடி முன்னால் தள்ளினாள். ஜஹீரா ஸ்பீக்கர் போனைப் பார்த்தாள். அதில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவளுக்கு அந்தச் சமயத்தில் ஐயாயிரம் தாள் தெரியவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொள்ளும் ஒரு பெரியவர்தான் தெரிந்தார்.

ராஜகோபாலன் தொண்டையைச் செருமினார். "ஆஃப் கோர்ஸ் மேடம்," என்றார். "ஷி இஸ் அவர் பர்மனென்ட் ஸ்டாஃப்."

அறுபது பேர் சாட்சி. ஒஹையோவையும் சேர்த்தால் அறுபத்தொன்று. போன் வைக்கப்பட்டதும் ஏகநாதன் தன் கம்ப்யூட்டருக்குப் போனார். ஐந்து நிமிடத்தில் பிரின்டர் சத்தம் கேட்டது. லெட்டரைக் கொண்டுவந்து பேனா மூடியைக் கழற்றி, ராஜகோபாலனிடம் நீட்டினார்.

"சார், பர்மனென்ட்டுன்னு சொல்லிட்டீங்க. லெட்டர் இல்லன்னா ஆடிட்ல கேப்பாங்க."

ராஜகோபாலன் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, இந்தத் தேர்வே உங்கள் தன்னம்பிக்கையைச் சோதிக்க வைத்ததுதான் என்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார். அவர் முகத்திலும் ஒரு நிம்மதி இருந்தது. புரொபேஷனில் மாட்டிக்கொண்டிருந்த மற்ற நால்வருக்கும் அன்றே லெட்டர் அடிக்கப்பட்டது. சார்ட்டை முனிரத்தினம் கழற்றி, மடித்து, வாசலில் தன் நாற்காலியின் ஆடுகிற காலுக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

ஜஹீராவுக்கு அப்போதுதான் பசித்தது. ஆறிப்போன சமோசா இரண்டு சாப்பிட்டாள். ஏழு இருபது ரயிலில் நின்றுகொண்டு போனாள், உட்கார இடம் இருந்தும். தாம்பரம் ஸ்டேஷன் நடைபாலத்தில் எல்லோரும் இடித்துக்கொண்டு போனார்கள். அவளுக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. கடையில் முதாசிர் யாருக்கோ குழாய் திருகிக் காட்டிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தும் பாவமாக இருந்தது.

"அத்தா, பர்மனென்ட் ஆயிடுச்சு" என்று லெட்டரை நீட்டினாள்.

சௌகத் அலி இருபது வருடமாக வாரன்ட்டி கார்டு பார்த்தவர். எந்தக் காகிதத்தையும் அடியிலிருந்துதான் படிப்பார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "நல்லது. நம்ம புள்ள கெட்டிக்காரிதான்" என்றார் படித்துக்கொண்டே. பிறகு, "இதுல கையெழுத்துப் போட்டவரு யாரும்மா?" என்றார்.

"ராஜகோபாலன் சார். எச்ஆர் மேனேஜர்."

"ஓகோ" என்றார் சௌகத் அலி. லெட்டரை நான்காக மடித்துக் கல்லாவில் பத்திரமாக வைத்தார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

கையெழுத்துக்குக் கீழே, ஒவ்வொருவரின் பதவியையும் கம்ப்யூட்டர் தானாகவே போட்டுவிடும் இடத்தில், 'மேலாளர், மனிதவளம் – புரொபேஷன், நான்காம் மாதம்' என்று இருந்தது.