சவாரி நேர்த்திக்கடன்

தாய்லாந்தில் சியாங் மாய் நகரத்தைத் தாண்டி மேவாங் போகிற சாலையில் புவாலாவின் யானைத் தோட்டம் இருக்கிறது. வாசலில் ஆளுயரப் பலகை. யானை மேல் யாரும் ஏறக் கூடாது என்று நாலு மொழியில் எழுதியிருக்கும். எழுதி வைத்தவள் புவாலாதான். யானை மேல் ஏறுவதாகக் காவல்சாமிக்கு நேர்ந்துகொண்டவளும் அவளேதான்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் கிழட்டு யானை கம்மூனுக்கு வயிறு உப்பி, மண்ணில் சாய்ந்துவிட்டது. சாய்ந்த யானை எழுந்திருக்கவில்லை என்றால் அவ்வளவுதான். மருத்துவர் ஊசி போட்டுவிட்டு "பார்க்கலாம்" என்றார். மருத்துவர் பார்க்கலாம் என்று சொன்னால் அந்தப் பக்கத்தில் எல்லாரும் சாமியைப் பார்க்கப் போய்விடுவார்கள். புவாலாவும் கோயில் அரசமரத்தடியில் இருக்கிற காவல்சாமி மாடத்துக்கு ஓடினாள். "இவ எந்திரிச்சுட்டா, இவ மேலயே ஏறி வந்து உன்னைச் சுத்துறேன்" என்று சொல்லிவிட்டாள். யானைக்காரர் வீட்டில் பிறந்தவள்; அவள் அப்பன், பாட்டன் எல்லாரும் யானைக்காக நேர்ந்துகொண்டது அப்படித்தான். அழுகிற வாய்க்குப் பலகையா ஞாபகம் வரும்?

மறுநாள் கம்மூன் எழுந்து பக்கத்துக் கொல்லையில் பூசணிக்காய் தேடிப் போய்விட்டது.

"பன்னித்தலைன்னு நேர்ந்திருக்கலாம். அவிச்ச முட்டைன்னு நேர்ந்திருக்கலாம். இது என்ன அண்ணி, இந்தக் காலத்துல இப்படி ஒரு நேர்த்தி?" என்றான் இன்சோம். செத்துப்போன அவள் புருஷனின் தம்பி, கம்மூனின் பாகன்.

"வாயில வந்துருச்சுடா."

"வந்தா முழுங்கணும்."

ஏறினால் எவனாவது கைபேசியில் படம் பிடித்துப் போடுவான். பலகையை நம்பிக் காசு கொடுத்து வருகிற கூட்டம் நின்றுவிடும்; அதன் பிறகு தோட்டத்துக்கு ஒரு ஈ காக்காய் வராது, யானைக்குத் தீனி இருக்காது. ஏறாவிட்டால் சாமி கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வார். இதில் அங்கே யாருக்கும் சந்தேகம் கிடையாது, ஊசி போட்ட மருத்துவர் உட்பட.

சாமியிடமே பேசிப் பார்க்கலாம் என்று புவாலா நகரத்துப் பெரிய சந்தைக்குப் போனாள். அங்கே பன்றித்தோல் வறுவல் விற்கிற சங்வான் மேல்தான் காவல்சாமி இறங்குவார். யீ பெங் விளக்குத் திருவிழா நெருங்கிவிட்டதால் கடைக்குக் கடை காகித விளக்கு தொங்கியது; நடக்கிறவன் தலையில் எல்லாம் இடித்தது. சங்வான் வறுவல் மூட்டையின் வாயைக் கட்டினாள். தலைப்பாகை சுற்றினாள். ஒரு சுருட்டு, ஒரு மடக்குச் சாராயம். தோள் குலுங்கியது.

"எவடி அவ?" என்றது ஆம்பளைக் குரல்.

"நான்தான் சாமி, புவாலா. ஏறாம நடந்து வந்து சுத்திக்கட்டுமா? பன்னித்தலை ரெண்டா வைக்கிறேன்."

"நான் பன்னித்தலை கேட்டேனா? நீ சொன்ன. சொன்னபடி வா. பௌர்ணமி தாண்டக் கூடாது."

சாமி மலையேறியதும் சங்வான் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என்ன சொன்னாரு?"

"முடியாதுன்னுட்டாரு அக்கா."

"அவரு அப்படித்தான். வறுவல் எடுத்துக்கிறியா? இன்னைக்குப் போட்டது."

பௌர்ணமியன்று காலையில் ஊரே கோயிலுக்குள் பிக்குவின் உபதேசத்தில் உட்கார்ந்திருக்கும், வெளியூர்க்காரர்கள் ராத்திரி விளக்கு பார்க்க ஆற்றங்கரையில் இடம் பிடித்துக்கொண்டிருப்பார்கள், அந்த நேரத்தில் ஏறி, சுற்றி, இறங்கிவிடலாம் என்று இன்சோம் யோசனை சொன்னான். கம்மூனை நடத்திக்கொண்டு போனார்கள். கோயில் வாசலில் சின்னக் கூண்டுகளில் குருவி விற்றுக்கொண்டிருந்தாள் ஒருத்தி. வாங்கிப் பறக்கவிட்டால் புண்ணியம். சாயங்காலம் அவள் மகன் அதே குருவிகளை மறுபடி பிடித்துவிடுவான்.

"என்ன புவாலா, இந்த யானையையும் விட்டுப் புண்ணியம் தேடப் போறியா?" என்றாள்.

"கூண்டு கிடைக்கலைக்கா" என்றாள் புவாலா.

மாடத்தருகே ஒரு நாயைத் தவிர யாரும் இல்லை. இன்சோம் பன்றித்தலையையும், ஒரு சீப்பு வாழைப்பழத்தையும், உறிஞ்சுகுழல் போட்ட சிவப்புச் சோடாவையும் தட்டில் வைத்தான். புவாலா கம்மூனின் காதில் கை வைத்து, "மண்டி போடு" என்றாள். பலகை வைத்த நாளிலிருந்து அவள் சொல்லாத வார்த்தை. மறந்திருக்கும் என்றுகூட நினைத்தாள்.

கம்மூன் உடனே முன்காலை மடக்கியது. பழைய நாளில் மரம் இழுத்து வீங்கின கால், நடுங்கியது. நடுங்கிக்கொண்டே மண்டியிட்டு, அவள் ஏறுவதற்குத் தோதாகக் கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தது.

"ஏறுங்க அண்ணி, சீக்கிரம்."

புவாலா காலை வைத்தாள். உள்ளங்காலுக்குக் கீழே அந்தத் தோல் ஆடியது. காலை எடுத்துவிட்டாள்.

"என்னாச்சு?"

"இவ மறக்கவேயில்லடா. வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் இவ இப்ப ராணின்னு சொல்லிட்டுத் திரியறேன். சாவுலேர்ந்து எந்திரிச்சவடா இவ. ஒத்த வார்த்தைக்கு விழுந்துட்டாளே!" வெட்கத்தில் அழுதாள்.

"அழுகையை வீட்டுல வச்சுக்கலாம். சாமி காத்திருக்காரு."

"நான் ஏறல. கம்மூன், எந்திரி."

கம்மூன் எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டால் கழுத்தில் ஆள் உட்கார்ந்த பிறகுதான் எழ வேண்டும் என்று குட்டியாக இருக்கும்போதே அடித்துப் பழக்கியிருந்தார்கள். இன்சோம் காதைத் தட்டினான், கத்தினான், கெஞ்சினான். அது பாரத்துக்காகக் காத்திருந்தது.

"ஏறி ஒரு சுத்து சுத்திட்டு இறங்கிடுங்க அண்ணி. நேர்த்தியும் தீரும், இவளும் எந்திரிப்பா. கூட்டம் வெளியே வரப் போகுது."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. புவாலா போய்க் கம்மூனின் முகத்துக்கு எதிரே மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். "நீயா எந்திரி. அதுவரைக்கும் நானும் எந்திரிக்க மாட்டேன்."

கூட்டம் வந்தது. சங்வானும் மூட்டையோடு வந்தாள். நாலைந்து கைபேசிகள் உயர்ந்தன. யானையும் புவாலாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்ததைத் தவிர, படம் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. வெயில் ஏறியது. கம்மூனின் தும்பிக்கை அவள் தலைமுடியைத் தடவியது, தோளைத் தடவியது, அப்படியே அவளைத் தாண்டி நீண்டு தட்டின் விளிம்பில் நின்றது. பழம் எட்டவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தது. அப்புறம் ஒரு காலை ஊன்றியது. மற்றதையும் ஊன்றியது. கழுத்தில் யாருமே இல்லாமல் எழுந்து நின்று, சாமியின் வாழைப்பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

"ஐயையோ, படையல்!" என்று நாலு பேர் கத்தினார்கள்.

"அடிப்பாவி, சாமி உன்னைச் சும்மா விடமாட்டாரு" என்றாள் சங்வான்.

புவாலா எழுந்து உடுப்பைத் தட்டிக்கொண்டாள். மாடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"வாய் விட்டது நான். இவ உனக்கு ஒண்ணும் சொல்லல. எடுக்கணும்னா என்னை எடுத்துக்க சாமி, இவளை விட்டுடு" என்றாள். பிறகு, கம்மூன் கடைசிப் பழத்தையும் தின்று முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.